திரியம்பகம் போனோம், திராட்சை ரசமும் பார்த்தோம்

போன இதழிலேயே நாசிக் யாத்திரையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். "கோயில் விவரம் மட்டும் போதாது, சாப்பாடு எப்படி, தங்கியது எங்கே, எல்லாம் எழுத வேண்டும்" என்று உத்தரவு வேறு! எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை கோயிலைவிட ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள், பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா வந்தார். எங்கள் தொப்பம்பட்டியில் யாராவது வெளியூர் போகிறார்கள் என்றால் "எனக்கு இதை வாங்கிட்டு வா" என்று ஒரு பட்டியல் வருவது வழக்கம். குங்குமம், விபூதி, கங்கைச் சொம்பு என்று ஏதாவது இருக்கும். அக்கா மட்டும் கதவை லேசாகச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, நீ போற ஊர்ல நல்ல ஒயின் கிடைக்குமாமே? செவப்பு ஒயின் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாயேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா வீட்டில் ஆண்கள்கூட அந்தப் பக்கம் போகாதவர்கள். "யாருக்குக்கா?" என்றேன்.

"மருமகளுக்குத்தான். அஞ்சு மாசம் ஆச்சு. ரத்தமே இல்லேன்னுட்டாங்க. எட்டரைகூட இல்லையாம். தெனம் ரெண்டு மூடி ஒயின் குடுத்தா ரத்தம் ஊறும், புள்ளையும் செவப்பா பொறக்கும்னு சொல்றாங்க. இங்க கடைக்கு யாரை அனுப்பறது? மானம் போயிரும்."

நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்றால் பிராந்தி, ரம் எல்லாவற்றுக்கும் அதுதானே பெயர்! அந்த வாசலில் ஒரு பெண் நிற்க முடியுமா? அக்காவின் சங்கடம் எனக்குப் புரிந்தது. "பார்க்கிறேன்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால், உண்மையைச் சொல்கிறேன், அது தப்பு என்று மனசுக்குப் பட்டதே தவிர, ஏன் தப்பு என்று எனக்கும் சரியாகத் தெரியாது.

திண்டுக்கல்லில் மும்பை ரயிலைப் பிடித்து, கல்யாணில் மாறி, நாசிக்ரோடு போய்ச் சேர்ந்தோம். நாங்கள் ஆறு பெண்கள், துணைக்கு இரண்டு ஆண்கள். என் தங்கை மகள் நாசிக்கில் வேலை பார்க்கிறாள். தங்க இடமும் வேனும் அவள் ஏற்பாடு. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரே வரி: புளியோதரையும் பருப்புப்பொடியும் கொண்டுபோனவர்கள் பிழைத்தோம்.

மறுநாள் விடியற்காலையில் திரியம்பகம். நாசிக்கிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். சின்ன ஊர். ஆனால் எத்தனை பழைய ஊர்! பின்னால் பிரம்மகிரி மலை சுவர் வைத்தாற்போல நிற்கிறது. நம் பக்கத்து மலைகள் போல உருண்டை இல்லை, கத்தியால் சீவினாற்போலச் செங்குத்து. அங்கேதான் கோதாவரி பிறக்கிறாள். ஊருக்குள் குசாவர்த்தம் என்ற குளம், படிக்கட்டு இறங்கி நீராடுகிறார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பமேளா நடக்கும் இடம் இது. கோயில் முழுக்கக் கறுங்கல். 18-ஆம் நூற்றாண்டில் பேஷ்வா பாலாஜி பாஜிராவ் எழுப்பியது. உள்ளே லிங்கம் என்று நாம் நினைக்கிற மாதிரி உயர்ந்து நிற்காது. ஒரு குழிக்குள் கட்டைவிரல் அளவில் மூன்று. பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று சொல்கிறார்கள். எட்டிப் பார்ப்பதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தானே!

திரும்பும் வழியில்தான் தங்கை மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "பெரியம்மா, வழியில ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கு. பாத்துட்டுப் போலாமா? அங்கயே ஒயினும் செய்றாங்க."

வேனில் இரண்டு கட்சி. "கோயிலுக்குப் போன வாயோடயா?" என்று என் நாத்தனார். "தோட்டத்தைப் பார்க்கிறதுல என்ன பாவம்?" என்று மற்றவர்கள். எனக்கு அக்கா கேட்ட பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. போகலாம் என்றேன்.

நாசிக்கில் திராட்சை ஒன்றும் புதிதில்லை. ஆனால் எல்லாம் சாப்பிடுகிற பழம்தான் பயிராகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் வேலையிலிருந்த ராஜீவ் சாமந்த் என்பவர் ஊர் திரும்பி, குடும்ப நிலத்தில் 1997-ல் ஒயினுக்கான கொடிகளை நட்டார். 2000-ல் முதல் ஒயின் வெளிவந்தது. தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி 'சுலா' என்று வைத்தார். 2005-ல் வந்தவர்கள் ருசி பார்க்க ஒரு கூடமும் திறந்தார்கள். அதன் பிறகு பலரும் இதில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் போனது அந்தப் பெரிய இடத்துக்கு அல்ல, ஒரு சிறிய தோட்டத்துக்கு.

பிப்ரவரி மாசம், அறுவடை நேரம். நம் கொடைரோடு, நிலக்கோட்டைப் பக்கம் தலைக்கு மேலே பந்தல் போட்டுப் பழம் தொங்குமே, அப்படி இல்லை. இடுப்பு உயரத்தில் கம்பி கட்டி வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடி. பழமும் சின்னது. கொட்டை பெரிசு, தோல் தடிப்பு. ஆனால் வாயில் போட்டால் அத்தனை தித்திப்பு! அந்த இனிப்புதான் பிறகு சாராயச் சத்தாக மாறுகிறதாம்.

எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினாள். தங்கை மகள் தமிழில் சொன்னாள். அந்தப் பெண் ஒரு கறுப்புத் திராட்சையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் சாறு விட்டாள். சாறு வெளிறிப் போய் இருந்தது! சிவப்பெல்லாம் தோலில்தான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின், பிழிந்து தோலை எடுத்துவிட்டால் வெள்ளை. இத்தனை வருஷமாகத் திராட்சை வாங்குகிறேன், இது எனக்குத் தெரியாது.

பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகள். மேலே குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற உறை. ஏன் என்று கேட்டேன். நம் தோசை மாவு கதைதான்! சித்திரை வெயிலில் மாவு பொங்கி வழிந்து புளித்து நாறிவிடுகிறதல்லவா? மார்கழியில் மெதுவாகப் பொங்கி மணமாக இருக்கும். வெள்ளை ஒயினைப் பதினைந்து டிகிரி சுமாரில் வைத்து மெல்லப் புளிக்க விடுகிறார்கள், வாசனை ஓடிப் போகாமல் இருக்க. ஈஸ்ட் இனிப்பைத் தின்று சாராயத்தையும் வாயுவையும் விடுகிறது. சிவப்பை ஓக் மரப் பீப்பாயில் மாசக்கணக்கில் வைக்கிறார்கள்.

பிறகு ருசி பார்க்கும் மேஜை. வயசுக்குச் சான்று கேட்டார்கள். மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கு இருபத்தொரு வயசு ஆகியிருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயசில் என்னிடம் சான்று கேட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம்!

ஒவ்வொருவர் முன்னும் வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணம். அடியில் இரண்டு மடக்கு அளவு. பக்கத்தில் ஒரு பாத்திரம். என்ன என்று பார்த்தால், நம் தாத்தா காலத்து எச்சில் படிக்கம்! வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு அதில் துப்பிவிடலாமாம். ஒயினை மதிப்பிடுவதே தொழிலாக இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். விழுங்கிக்கொண்டே போனால் பத்தாவது கிண்ணத்தில் ருசி எங்கே தெரியும்? "இது நமக்குத் தோது" என்று நானும் துப்புவதாக முடிவு செய்தேன். என் நாத்தனார் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஒரு கிலோ பழத்தைத் தனியாளாக முடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் வெள்ளை. சாவிஞான் பிளாங்க் என்று பெயர். சுழற்றி முகர்ந்தால் குடைமிளகாய் நறுக்கின வாசனை, கூடவே கொய்யா. சத்தியமாக! நறுக்கிப் போட்டார்களோ என்று கேட்டேன். இல்லை, பழத்திலேயே இருக்கிற மணம். குடைமிளகாயில் உள்ள அதே பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. கடைசியில் ஷிராஸ் என்ற சிவப்பு. முகர்ந்ததும் மிளகு ரசம் வைத்த அடுப்படிதான் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். அந்தப் பெண் கை தட்டினாள். மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற பொருள். ஷிராஸில் அதுதான் இருக்கிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நம் மிளகில் அது இன்னும் எத்தனையோ மடங்கு. முப்பத்தைந்து வருஷம் அடுப்படியில் நின்ற மூக்கு வீண்போகவில்லை!

ஆனால் வாயில் வைத்ததும் நாக்கு இழுத்துப் பிடித்தது. கடுக்காயைக் கடித்த மாதிரி. துவர்ப்பு. தோலிலும் கொட்டையிலும் இருந்து வரும் டானின் அது. படிக்கத்தில் துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இதுதான் சமயம் என்று கேட்டேன். "அம்மா, எங்க ஊர்ல கர்ப்பிணிக்கு ரத்தம் ஊற இதைக் கொடுக்கச் சொல்றாங்களே?"

தங்கை மகள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "என் அக்கா இதே மேஜையில் நின்றுதான் வேலை பார்த்தாள்" என்றாள். "குழந்தை உண்டானது தெரிந்த அன்றைக்கே கணக்கு எழுதும் அறைக்கு மாற்றிக்கொண்டாள். பிரசவம் ஆகிப் பால் மறக்கும் வரை ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை." பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டினாள். மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சிட்டிருந்தது. 2019-லிருந்து இந்தியாவில் எல்லா மது பாட்டிலிலும் அது இருக்க வேண்டும். ஒயினுக்கு விலக்கு இல்லை.

ஊர் திரும்பிய பிறகு எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டுக்கொண்டேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஒயின் என்றால் ஏதோ பழரசம், பிராந்தி மாதிரி இல்லை என்று நாம் நினைக்கிறோம். கணக்குப் பாருங்கள். ஒயினில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சாராயச் சத்து. 150 மில்லி ஒயினில் 18 மில்லி. பிராந்தியில் நூற்றுக்கு நாற்பது சுமார். 45 மில்லி பிராந்தியிலும் அதே 18 மில்லிதான்! கிண்ணம் அழகாக இருப்பதால் உள்ளே போவது மாறிவிடுவதில்லை. தாய் குடித்தது நச்சுக்கொடி வழியே நேராகப் பிள்ளைக்குப் போகிறது. அதை முறித்து வெளியேற்ற அந்தப் பிஞ்சு ஈரலுக்குத் திராணி இல்லை.

ஒயினைத் தண்ணீர் மாதிரி குடிக்கிற நாடு பிரான்ஸ். அங்கேயே நான்ட் என்ற ஊரில் டாக்டர் லெமுவான் என்பவர் 1968-ல், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பார்த்து எழுதினார். எடை குறைவு, முகவெட்டில் மாறுதல், மூளை வளர்ச்சியில் பின்தங்கல். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர டாக்டர்கள் அதையே கண்டு பெயர் வைத்த பிறகுதான் உலகம் விழித்தது. நிறையக் குடித்தவர்களின் பிள்ளைகள்தானே அவை, இரண்டு மூடிக்கு என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இவ்வளவு வரை கெடுதல் இல்லை என்று சொல்லும்படியான ஓர் அளவை இன்றுவரை யாராலும் காட்ட முடியவில்லை. அதனால் கர்ப்ப காலத்தில் ஒரு மூடியும் வேண்டாம் என்பதே டாக்டர்கள் பேச்சு.

நிறத்தைப் பற்றி என்ன சொல்ல? சிவப்பாய் இருப்பதைக் குடித்தால் பிள்ளை சிவப்பாகும் என்றால், கறுப்புக் காப்பி குடித்து வளர்ந்த ஊரில் எல்லாரும் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்? அப்பன் வழி, ஆத்தாள் வழி வருவது நிறம். குங்குமப்பூவுக்கும் இதே பதில்தான்.

"இதயத்துக்கு நல்லதாமே" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, வெண்ணெயும் கொழுப்பும் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின்தான் காரணம் என்று பேசியது. உடனே அங்கே விற்பனை ஏறிவிட்டது. பிறகு ஆராய்ந்தபோது, குடிக்காதவர்கள் பட்டியலில் வியாதி வந்து குடியை விட்டவர்களும் கலந்திருந்தது தெரிந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? திராட்சைத் தோலில் ரெஸ்வெரட்ரால் என்ற நல்ல பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு லிட்டர் ஒயினில் சில மில்லிகிராம்தான். மார்பகப் புற்றுநோய்க்கு மது ஒரு காரணம் என்பது உறுதியாகிவிட்டது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே, மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று அறிவித்தது.

இனி ரத்தம். ஒரு கிண்ணம் ஒயினில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம். போதாததற்கு என் நாக்கைப் பிடித்து இழுத்த அந்தத் துவர்ப்பு இருக்கிறதே, அது சாப்பாட்டில் உள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். டீயும் இதையேதான் செய்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். நான் ஊர் வந்து சேர்ந்ததும் அக்கா ஓடி வந்தார். பையிலிருந்து விபூதியும் கிஸ்மிஸ் பொட்டலமும் எடுத்துக் கொடுத்தேன். பையின் அடி வரை பார்த்தார். "அது?" என்றார்.

எல்லாம் சொன்னேன். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "மாத்திரைதான் தெனமும் குடுக்கறேனே கண்ணு. அப்புறம் ஏன் ரத்தம் ஏறலை?"

நியாயமான கேள்வி. பதில் மருமகளிடம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கொல்லைப்பக்கம் துணி எடுக்க வந்தவளிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "அத்தே, மாமியார்கிட்ட சொல்லிராதீங்க" என்று என்னை அரிசி மூட்டை வைத்திருக்கும் அறைக்குக் கூட்டிப்போனாள். குதிருக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள். எண்ணினேன், ஏழு!

"முழுங்குனா கொமட்டுதுங்க. வெளிக்குக் கறுப்பா போகுது. புள்ளைக்கு ஏதோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்."

யாராவது ஒருத்தர் அவளிடம் முன்பே சொல்லியிருக்கலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், பயமே வேண்டாம். குமட்டினால் வெறும் வயிற்றில் வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காப்பி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை இவற்றை அதோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொள்ள வேண்டும். இத்தனை செய்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நர்ஸம்மாவிடம் சொன்னால் வேறு வழி செய்வார்கள். அதற்காகக் குதிருக்குப் பின்னால் போடக் கூடாது. கிஸ்மிஸ், பேரீச்சை, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதே. ஆனால் எட்டு எட்டரையில் இருக்கும் ரத்தத்தை அவை மட்டும் தூக்கி நிறுத்திவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

மாமியாரிடம் நான்தான் சொன்னேன். சொல்லாதே என்றாள், ஆனாலும் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை. மருமகளைப் பார்த்து, "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன புள்ள பயம்?" என்றார். குரல்தான் கொஞ்சம் உடைந்தது.

ராத்திரி மாத்திரைக்கு முன்னால் வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். நம் பன்னீர் திராட்சை இருக்கவே இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது தெரியுமோ? ஒரு கிலோ பழத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மூன்று நான்கு தடவை அலசிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும் வரை இளந்தீயில் வைத்து, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் முடிந்தது. சர்க்கரை வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ள கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள். மூடி போட்டு வெளியே இரண்டு மூன்று நாள் வைத்தால் நுரைத்துப் பொங்கும். அப்புறம் அது நாசிக் தொட்டியில் நான் பார்த்த கதைதான்!

ஒரு மாசம் கழித்துச் சுகாதார நிலையத்திலிருந்து வந்த அக்கா, வண்டியிலிருந்து இறங்கினதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். சீட்டை நீட்டினார். 9.6.

"இன்னும் ஏறணுமாம். பதினொண்ணு வேணுமாம்" என்றார். பிறகு, போகிற போக்கில், "ஏங்கண்ணு, அந்தக் கிண்ணத்துல மெளகு ரசம் வாசம் அடிச்சுதுன்னியே, நெசமாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.